பொதுச்சுவர்

ஜெச்சொன் ரயிலடிக்குப் பின்னால் உள்ள சந்தையில்
ஒரே சுவருக்கு இந்தப்புறம் மருந்துக்கடை,
அந்தப்புறம் கள்ளுக்கடை.
இரண்டுக்கும் எதிரே
பூட்டுச் சாவி ரிப்பேர் செய்கிறவன் நான்.
இரவில் அந்தக் கதவில் விழுந்து
விடியலில் இந்தக் கதவில் எழுகிறவன்.

மா சங்தோ வடிப்பது மக்கொல்லி.
அரிசி களைந்த நீரின் நிறம்,
குடிக்கும்வரை சாதுவான முகம்.
குவாக் ஒக்புன் காய்ச்சுவது ஹொத்கே:
மரச்சில்லு,
வாதம் பிடித்த விரல்கள்போல் முறுக்கிய காம்பு,
மேலே ஒரு பிடி காட்டுக்கொடிப் பூ.
ஆறு மணி நேரம் சிறு தீயில்.

ஐந்தரைக்கே கூட்டம் வந்துவிடும்.
மேலாளர் ஊற்ற ஊற்ற மறுக்கத் தெரியாத
வங்கி குமாஸ்தா பியோ,
தலையைக் கண்ணாடிப் பாத்திரம்போல்
இரு கையாலும் ஏந்திக்கொண்டு.
பேரன் பிறந்த மீன்காரர்.
காரணமே இல்லாத நான்.
யாரும் பேசமாட்டோம்.
கிண்ணம் வைக்கும் சத்தமே இடிமாதிரி இருக்கும்.
ஒக்புன் அதைத் தெரிந்தே
ஓங்கி வைப்பாள்.

அந்த மரத்துக்கு ஒரு பழம்பேச்சு உண்டு.
அதில் உத்தரம் போட்ட வீட்டில்
கள் நிற்காதாம்.
ஒரு சில்லு ஜாடியில் விழுந்தால் போதும்,
தண்ணி
தண்ணீராகிவிடுமாம்.

போன பங்குனிக் குளிரில்
சங்தோவின் மூன்று ஜாடிகள் நீர்த்துப்போயின.
நுரை இல்லை, மணம் இல்லை.
அவன் சுவரைப் பார்த்தான்.
சுவருக்கு அப்பால்
கூரை முட்ட அடுக்கிய மரக்கட்டுகள்.
"உன் விறகு என் பிழைப்பைக் குடிக்கிறது!"
சந்தையே கடையைப் பாதியில் விட்டு ஓடி வந்தது.
நானும்தான், கையில் அரத்தோடு.

ஒக்புன் கத்தவில்லை.
ஒரு சில்லை எடுத்து,
அவன் கடையின் நல்ல ஜாடியிலிருந்து
ஒரு கிண்ணம் மொண்டு,
எல்லார் முன்னாலும் அதில் போட்டாள்.
கால் மணி நேரம் காத்திருந்தோம்.
மழைக்குக்கூட நாங்கள் அப்படிக் காத்திருந்ததில்லை.
சங்தோ குடித்தான்.
கள்ளாகத்தான் இருந்தது.
"நல்லாக் குடி. சந்தேகம் வைக்காதே" என்று
இன்னொரு கிண்ணம், இன்னொரு சில்லு.
கள்.
ஏழாவது கிண்ணத்தில்
ஜாடியைச் சரியாகக் கழுவாத தம்பி மகனின் பெயரை
அவனே சொல்லிவிட்டான்.
எட்டாவதில் அழுதான்.

"அப்படி ஒரு சக்தி இருந்தால்
நான் ஏன் ஆறு மணி நேரம் அடுப்பில் வேக வேண்டும்?"
என்றாள் ஒக்புன்,
தன் வாடிக்கைக்காரர்கள் அத்தனைபேர் முன்னாலும்.
சொன்னபிறகுதான் உதட்டைக் கடித்தாள்.
பியோ என்னைப் பார்த்தான்.
நான் அரத்தைப் பார்த்தேன்.

மறுநாள் ஐந்தரை.
யார் வருவார்கள் என்று எண்ணியிருந்தேன்.
பியோ வந்தான், மீன்காரர் வந்தார்,
குணமாகிறதோ இல்லையோ
குனிந்து உட்கார ஓர் இடம் வேண்டுமே.
ஆறு மணிக்கு,
இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக,
வாசலில் சங்தோ.
தான் வடித்ததைத் தானே குடித்த தலை
அவன் கழுத்தில் நிற்க மறுத்தது.

ஒக்புன் ஊற்றினாள்.
கிண்ணத்தை மெல்ல வைத்தாள்,
சத்தமே வரவில்லை.
காசு மட்டும்
இரு மடங்காக வாங்கிக்கொண்டாள்.

எட்டாவது கிண்ணத்தின் அடியில் கிடந்த சில்லை
யாரும் பார்க்காதபோது எடுத்து வந்தேன்.
ஓட்டை போட்டு
என் சாவிக்கொத்தில் கோத்திருக்கிறேன்.
மரம் கள்ளை ஒன்றும் செய்யவில்லை.
கள்தான்
மரத்தை விடவில்லைபோல.
மழை நாளில்
சட்டைப்பையிலிருந்து லேசாக வாடை வருகிறது.
வீட்டில் கேட்டால்
மரத்தைக் காட்டுகிறேன்.